கால்வாய்க் கரையில் கோலப்பன்

கூரியரில் வந்த பெட்டியைப் பிந்து பிரித்தபோது கோலப்பன் மத்தியானச் சோற்றில் புளிக்கறியை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். பதின்மூன்று வருடங்களுக்கு முன் இந்த ஊர்க் கால்வாய்க் கரையில் வைத்து எடுத்த ‘மடை அடைத்தவன்’ படத்தின் டிவிடி. சும்மா டிவிடி அல்ல, சிறப்புப் பதிப்பு. மொத்தமே ஐந்நூறு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், உள்ளே இரண்டு டிஸ்க், போட்டோக்கள் நிறைந்த சின்னப் புத்தகம். வெளிநாட்டில் நாலைந்து விருது வாங்கிய படம் என்பதால் வாங்கி அலமாரியில் அடுக்க ஆள் இருக்கிறது. ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

ஏழாம் எண் பெட்டியில் கையெழுத்துப் போட்டு, இயக்குநரே கோலப்பனுக்கு அனுப்பியிருந்தார்.

“அப்பா, இதக் கேளுங்க.” பிந்து பெட்டியின் பின்பக்கத்தை வாசித்தாள். “இரண்டாம் டிஸ்க். முதன்முறையாக, படத்தில் இடம்பெறாத காட்சி. ‘கால்வாய்க் கரையில் கோலப்பன்’. நாலு நிமிடம் பத்து வினாடி. அம்மா! அப்பா பேரு அச்சுல வந்திருக்கு!”

நாகம்மை அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். கோலப்பன் கையிலெடுத்த உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“அன்னைக்கு நீளம் கூடிப்போச்சுன்னு வெட்டினானுவளே, அதா?” நாகம்மைக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இப்பமாவது போட்டானே. எனக்கு அன்னைக்கே வயிறு எரிஞ்சு.”

“அதெல்லாம் பழைய எளவு. இப்ப யாரு வீட்டுல பிளேயர் இருக்கு? அங்க உள்ள வை,” என்றார் கோலப்பன்.

பிந்துவா விடுவாள்? அடுத்த தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன் போட்டாள். அவள் கணவன் வினோஜின் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த டிவிடி பிளேயர் ஒன்று பரணில் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாலு பேரைக் கூப்பிட்டு இங்கேயே போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கதாநாயகனை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நீளம் கூடிப்போனதால் வெட்டினார்கள் என்பது கோலப்பன் சொன்ன பொய். வெட்டச் சொன்னதே அவர்தான்.

அந்த இயக்குநருக்கு ஊர்க்காரர்களை நடிக்க வைக்கும்போது வசனம் எழுதிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது. கோலப்பனைக் கரையில் உட்காரவைத்து, “இறந்துபோன உங்க ஆள் யாரையாவது நினைச்சுக்குங்க. அவங்ககிட்ட சொல்ல வேண்டியதை வாய்க்கு வந்தபடி சொல்லுங்க” என்றார். செத்துப்போன அப்பாவிடம் வயல் விளைச்சலைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்றுதான் கோலப்பன் உட்கார்ந்தார். கேமரா ஓட ஆரம்பித்ததும் பேச்சு மூத்த மகள் சபிதாவிடம் போய்விட்டது.

சபிதா மூன்று வயதில் அதே கால்வாயில் போனவள். இந்த ஜூனோடு இருபத்தாறு வருடம். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த கால்வாய்க்கு அணைத் தண்ணீர் வந்த நாள் அது. கன்னிப்பூ என்கிற முதல் போக நடவுக்குத் தண்ணீர் திறந்தால், முதல் தண்ணீர் தன் மடைக்கு வருவதைப் பார்க்க ஓடாத விவசாயி இந்தப் பக்கத்தில் கிடையாது. கோலப்பனும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு புறவாசல் வழியாக ஓடினார். கதவுக்குக் கொண்டி போடவில்லை. கொஞ்ச நேரத்தில் குழந்தையும் அதே வழியாகப் போனது. முந்தின நாள் வரைக்கும் மணல் அள்ளி விளையாடிய இடம்தானே என்று இறங்கியிருக்கும்.

அன்று காலை புறவாசலில் உட்கார்ந்து பாத்திரம் கழுவியவள் நாகம்மை. அவள்தான் கொண்டி போடாமல் வந்துவிட்டாள் என்று கோலப்பனின் அக்கா சொன்னாள், துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள், தெரு சொன்னது. கடைசியில் நாகம்மையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கோலப்பனிடம் கேட்டதற்கு, நான் முன்வாசல் வழியாகப் போனேன் என்றார். ஒரே ஒரு வாக்கியம். அதை அன்றைக்கே மாற்றியிருக்கலாம். மறுநாள் மாற்றியிருக்கலாம். பிந்து பிறந்த அன்றாவது மாற்றியிருக்கலாம். மனுஷன் வாயைத் திறக்கவில்லை. கோழை என்று யாராவது சொன்னால் அவர் மறுக்கவும் மாட்டார்.

இதையெல்லாம் அவர் கால்வாயைப் பார்த்துக் கொட்டி அழுது முடித்தபோது படக்குழுவில் இரண்டு பேர் அழுதார்கள். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை என்று இயக்குநர் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலமே கோலப்பன் அவர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போய், “இதப் படத்துல வைக்கப்பிடாது சார். கும்பிட்டுக் கேக்கேன்” என்றார். அழுததற்கு வெட்கப்படுகிறார் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். படத்தில் வைக்கவும் இல்லை. இப்போது, இப்பேர்ப்பட்ட நடிகரை நாலு பேர் பார்க்காமல் போகக்கூடாது என்று நல்ல மனதோடு குழியைத் தோண்டிவிட்டார்.

சனிக்கிழமை நாகம்மை ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கோலப்பன் இரண்டாம் டிஸ்க்கை உருவினார். மற்ற பெட்டிகள் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டும். நாகம்மை பார்க்கப் போவது இது ஒன்றைத்தான். உடைக்க வளைத்தார். பாதியில் நிறுத்தினார். ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அவர் அந்த உண்மையைச் சொல்லியிருக்கிறார், அது இதில்தான் இருக்கிறது. கால்வாயில் எறியலாம் என்று கரைவரைக்கும் போனார். அதற்குக் கொடுத்தது போதும் என்று திரும்பினார். கடைசியில் அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்து வைத்தார். அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆம்பிளைக்குத்தான் அரிசிப் பானை பத்திரமான இடமாகத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. பிந்துவோடு வேலை பார்க்கும் டீச்சர் ஜெஸ்மி இன்னும் இரண்டு டீச்சர்மாரைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தாள். பக்கத்து வீட்டு முத்துநாயகம் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வினோஜ் டிவிக்குப் பின்னால் குனிந்து மூன்று நிற வயர்களைச் செருகினான். பிந்து பெட்டியைத் திறந்தாள்.

“ரெண்டாவது டிஸ்க்கக் காணல்ல!”

“அந்தக் கம்பெனிக்காரன் போட மறந்திருப்பான்,” என்றார் கோலப்பன். இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

“வெள்ளிக்கிழமை நான் பாத்தேனே அப்பா.”

நாகம்மை அடுக்களை வாசலில் நின்று கூப்பிட்டாள். “ஒரு நிமிசம் இங்க வாங்க.”

உள்ளே போனார். நாகம்மை ஒரு தட்டை நகர்த்தினாள். அடியில் டிஸ்க் இருந்தது.

“இன்னைக்குக் காலத்த அரிசி எடுக்கும்போ கையில தட்டுப்பட்டு,” என்றாள் தாழ்ந்த குரலில். “எதுக்கு ஒளிச்சு வச்சிய?”

கோபமில்லை. திருடிய பிள்ளையைப் பிடித்த மாதிரி ஒரு சிரிப்புதான் இருந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று கோலப்பனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுக்களையில் அவர்கள் இருவர்தான். சபிதா என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவளே பிடித்துக்கொள்வாள்.

“வெக்கமா இருந்து,” என்றார். “அதுல நான் அழுதிருக்கேன்.”

நாகம்மையின் சிரிப்பு மறைந்தது. அவர் கையைத் தொட்டாள்.

“பிள்ள போனப்ப நீங்க அழல்ல. கல்லு மாதிரி இருந்திய. நான் செய்த காரியத்துக்கு என்மேல வெறுப்புன்னு நெனச்சேன்.” டிஸ்க்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “நீங்க அழுதத நான் ஒருநாளும் கண்டதில்ல. எனக்குப் பாக்கணும்.”

அவளே கொண்டுபோய்ப் பிந்துவின் கையில் கொடுத்தாள். கோலப்பன் பின்னால் ஓடினார். ஓடி என்ன செய்ய? வினோஜ் டிஸ்க்கைப் பிளேயருக்குள் தள்ளிவிட்டான்.

திரையில் கால்வாய் வந்தது. தலை முழுக்க நரைக்காத கோலப்பன் வந்தார். கொஞ்சநேரம் தண்ணீரையே பார்த்தார்.

“மக்களே,” என்றார் திரையில். “தண்ணி வந்துட்டுன்னு கேட்டதும் அப்பா புறவாசல் வழியா ஓடிட்டேன். கொண்டி போடல்ல. நீ வருவன்னு நெனக்கல்ல. எல்லாருமா உங்க அம்மையச் சொன்னாவ. அவ இல்ல மக்களே, நான்தான். அவ தலையில அடிச்சு அழுதா, நான் பாத்துக்கிட்டு நின்னேன். இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்கேன்.”

அப்புறம் பேச்சில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். காட்சி முடிந்தது.

டீச்சர்மார் கைதட்டினார்கள். “எம்மா, என்னா நடிப்பு! இத எப்பிடி வெட்ட மனசு வந்து?” என்றாள் ஜெஸ்மி.

முத்துநாயகம் கைதட்டவில்லை. தோள் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிந்துவின் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது. அம்மா கொண்டி போடாததால்தான் அக்கா போனாள் என்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

“இரிங்க அண்ணாச்சி,” என்றாள் நாகம்மை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மக்கா, அத இன்னொருக்கா போடு.”

“அம்மா...”

“போடு.”

“அம்மைக்குப் பெருமை தாங்கல்ல,” என்று ஜெஸ்மி சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மறுபடி ஓடியது. அவ இல்ல மக்களே, நான்தான். நாகம்மை முழுக்கக் கேட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கோலப்பன் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் கத்த வேண்டும், அடிக்க வேண்டும், எதையாவது எடுத்து எறிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அவளோ மூன்றாம் முறையும் போடச் சொன்னாள். திரையில் அவர் வாயைத் திறக்கும் நேரம் கையை உயர்த்தினாள்.

“சத்தத்த நிறுத்து. ஆளு இங்க நிக்காருல்லா. இவரு சொல்லட்டும்.”

பிந்து சத்தத்தை நிறுத்தினாள். திரையில் கோலப்பன் ஊமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“புறவாசல் வழியாத்தான் போனேன், நாகம்மை,” என்றார். குரல் பாதிதான் வெளியே வந்தது. “கொண்டி போடாதது நான்.”

“கேக்கல்ல,” என்றாள் நாகம்மை. “தெருவுல எறங்கி நின்னு சொல்லுங்க. அன்னைக்கு என்னையப் பேசினது தெரு முழுக்க. அண்ணாச்சி, நீங்களும் கூட வாங்க.”

கோலப்பன் முத்துநாயகத்தைப் பார்த்தார். முத்துநாயகம் தரையைப் பார்த்தார். நாகம்மை எழுந்து முன்னால் நடந்தாள். கோலப்பன் செருப்புப் போடாமல் அவள் பின்னால் தெருவில் இறங்கினார்.