கவரில் இருந்த பெயர்

"இந்த எழுத்து இல்லாம ஒண்ணு வேணும் சார்."

செல்போனை என் மேசைமேல் வைத்து, என் பக்கம் திருப்பிவிட்டு அந்தப் பெண் சொன்னார். திரையில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று, ஸ்டூடியோவின் மரநாற்காலியில் உட்கார்ந்து, காமிராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வலது தோள்வரை எங்கள் நூலகத்தின் பெயர் சாய்வாக ஓடியது. அதை அப்படி ஓடவிட்டவன் நான்தான். ஆறாயிரத்துச் சொச்சம் படங்களுக்கும் ஒரே கட்டளையில், ஒரே இடத்தில், கம்ப்யூட்டர் அதைப் பதித்திருந்தது. எந்த முகத்தின்மேல் எந்த எழுத்து விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே நான் தட்டச்சு செய்த வரி இருந்தது: 'பெயர் தெரியாத குழந்தை, உத்தமபாளையம், 1998'.

"பேரு தெரியாதுன்னு போட்டிருக்கீகளாம். பக்கத்து வீட்டு மகிமா படிச்சுச் சொன்னா. பேரு சொர்ணலதா."

அவர் பெயர் பாண்டீஸ்வரி. ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். தன்னைப் பற்றி அவர் சொன்னது மிகக் கொஞ்சம். படம் எடுத்த நாலாம் மாதம் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது ஒரே ஒரு படம். அடுத்த வருஷம் புருஷன் முத்துக்கருப்பன் ஏலத்தோட்ட வேலைக்கென்று கட்டப்பனைக்குப் போனவர் அதையும் எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பார்க்காத முகத்தைப் போன மாதம் மகிமாவின் போனில் பார்த்திருக்கிறார். பிறகு இந்தப் போனை வாங்கி, அதில் எங்கள் இணையதளத்தின் இந்தப் பக்கத்தை மட்டும் வைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறாராம். ஆனால் ஒரு கண்ணின்மேல் எழுத்து கிடக்கிறது. பிரிண்ட் போட்டு மாட்டவேண்டும், அவ்வளவுதான்.

நான் அவரை உட்காரச் சொன்னேன். எனக்குப் பேச்சு உடனே வராது. இந்த வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். ஸ்டூடியோ வைத்திருந்த சேக் பரீத் பாய் இறந்தபின் அவருடைய மகள் ரெஹானா, அங்கிருந்த நெகட்டிவ்களை எல்லாம் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒவ்வொன்றும் ஒரு பழுப்புக் கவரில். கவரின்மேல் ஒரு பெயர், தெரு, தேதி. இரண்டு வருஷம், வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, காடி நெடி அடிக்கும் அந்தப் படச்சுருள்களை ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்து எடுத்தேன். பகல் முழுக்க யாரிடமும் பேசவேண்டியிருக்காது. முகங்கள் வரும், போகும்.

பிரிண்ட் கொடுக்க எங்கள் நூலகத்துக்கு ஒரு விதி உண்டு. வக்கீல் சண்முகராஜ் எழுதிக் கொடுத்தது. கோர்ட்டுக்கு எதிரில் இருந்த அவர் அறைக்கு அன்று மத்தியானமே போனேன்.

"போட்டோ எடுத்தவருக்கும் சொந்தமில்ல, போட்டோல இருக்கவுகளுக்கும் சொந்தமில்ல சார். காசு குடுத்து எடுக்கச் சொன்னவுக யாரோ, காப்பிரைட் அவுகளுக்கு. கவர்ல யாரு பேரு இருக்கு?"

முத்துக்கருப்பன் என்றேன்.

"அப்ப அவரு கையெழுத்து வேணும்."

பெற்ற தாய்க்கு ஒரு பிரிண்ட் கொடுப்பதால் என்ன வந்துவிடும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "என்ன சார், கதைப்புத்தகமாப் படிச்சுப் படிச்சு மனசு எளகிப்போச்சா? நாளைக்கு அந்தாளு நோட்டீஸ் விட்டா கமிட்டிக்கு நீங்களா பதில் சொல்வீக?"

மறுநாள் இதைப் பாண்டீஸ்வரி அக்காவிடம் சொன்னபோது அவர், அன்றைக்குக் காசு கொடுத்தது தான்தான் என்றார். திராட்சைத் தோட்டத்தில் வாரக்கூலி வாங்கிக்கொண்டு குழந்தையோடு நேராக ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். புருஷன் கூட வந்தார், அவ்வளவே. "துட்டை நாந்தான் எண்ணிக் குடுத்தேன். பாயி அதை வாங்கிக்கிட்டு, அவரைப் பாத்துப் பேரு கேட்டாக."

ரெஹானாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அத்தா பொம்பளைக பேரைக் கவர்ல எழுதமாட்டாகளே. கவரு நாலு பேரு கைக்குப் போகும், வீட்டுப் பொம்பள பேரு எதுக்கு வெளிய கெடக்கணும்னு சொல்வாக. மரியாதைக்குத்தான்."

போனை வைத்துவிட்டுக் கவர்களை எடுத்துப் பார்த்தேன். ஆறாயிரம் கவர்களில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. கல்யாணப் பெண்கள், கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்கள், பிள்ளையை மடியில் வைத்தவர்கள், எல்லாருடைய படமும் ஓர் ஆணின் பெயரில் கிடந்தது. அத்தனையையும் என் கையால் பதிவேற்றியிருக்கிறேன். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இது என் கண்ணில் படவில்லை.

விதிக்குக் கவரில் இருந்த பெயர்தான் கணக்கு; அக்கா அனுமதிப் படிவத்தை வாங்கிக்கொண்டு முத்துக்கருப்பனைத் தேடிக் கட்டப்பனைக்குப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, நாலாக மடித்த அதே படிவத்தை என் மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கோடுகூட இல்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டாராம். "அங்கன இருக்கவளுக்கு இந்தக் கல்யாணமே தெரியாதாம் சார். கையெழுத்துப் போட்டா இந்தப் புள்ளைக்கு அப்பன்னு ஆயிருமாம்ல." மடித்த படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "சட்டம் போட்ட படத்தை என்ன செஞ்சீகன்னு கேட்டேன். குமுளி ஏறையிலயே பஸ்ஸுல விட்டுட்டாராம்."

எழுந்து போகும்போதுதான், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல அவர் கேட்டார்.

"நீங்க நெட்டுல போட்டிருக்கீகள்ல சார், அதுக்கு யாருகிட்டக் கையெழுத்து வாங்குனீக?"

யாரிடமும் வாங்கவில்லை. நெகட்டிவ்களைத் தருவதாக ரெஹானா எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. படச்சுருள் அவருடையது, படம் வேறு யாருடையதோ. வக்கீலுடைய அதே கணக்குப்படி, அந்த ஆறாயிரம் படங்களில் ஒன்றைக்கூட நாங்கள் வெளியே காட்டியிருக்கக் கூடாது. பெரிய எழுத்தில் எங்கள் பெயரைப் போட்டு ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம்.

பேசவராதவன் செய்வதைச் செய்தேன். நூலகக் கமிட்டிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். காசு கொடுத்தவர் யார், கவரில் ஆண் பெயர் ஏன் வந்தது, நாம் யாரிடம் அனுமதி வாங்கினோம் என்று ஒன்றன்பின் ஒன்றாக. நன்றாகத்தான் எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இதைப் படித்த பிறகு அவர்களால் பிரிண்ட்டை மறுக்க முடியாது என்று நினைத்தேன். இவ்வளவு புத்தகம் படித்தவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

கமிட்டியின் செயலாளர் ஏசுதாசன் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நிதானமானவர். குறிப்பைப் படித்துவிட்டு வக்கீலிடம் போய்வந்து என்னை அழைத்தார். "அருமையா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா ஒரு படத்துக்குப் பிரச்சினை இருக்குன்னு எழுத்துல வந்துருச்சு. வந்தப்புறம் நம்ம பாக்காத மாதிரி இருக்க முடியாதுல்ல? அதை மட்டும் எடுத்துருங்க."

மற்ற படங்கள் என்றேன்.

"அதைப் பத்தித்தான் யாரும் எழுதலையே."

நான்தான் எடுத்தேன். மவுஸை ஒருமுறை அழுத்தினால் போதும், ஒரு நொடிகூட ஆகவில்லை. எழுத்து விழாத மூலப்படம் என் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அதில் இரண்டு கண்களும் தெரிந்தன. ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முழுக்க அது இல்லை. விதி என்று ஒன்று இருக்கும்வரை யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசவேண்டியதில்லை. அந்த வசதி எனக்கு எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பாண்டீஸ்வரி அக்கா வந்தார். போனை நீட்டினார்.

"ரெண்டு நாளா பாப்பா வரமாட்டேங்குது சார். மகிமா ஊருல இல்ல. நெட்டு இல்லையோ?"

பக்கம் இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் இருந்தது. நான் போனைக் கையில் வாங்காமலே பார்த்தேன். இப்போது சொல்லிவிடவேண்டும் என்று தெரிந்தது. சொல்வதற்கு வாக்கியம்கூட இருந்தது.

"ஆமாக்கா," என்றேன். "நெட்டு ரொம்ப மெதுவா இருக்கு."

"இருக்கட்டும், மெதுவா வரட்டும். இங்கன வைபை நல்லா கெடைக்கும்னு புள்ளைக சொல்லும்ல. செத்த உக்காந்து பாக்கேன்."

பத்திரிகைகள் பரப்பிக் கிடந்த நீள மேசையின் கோடியில், படிக்க வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி அமர்ந்தார். போனை மேசைமேல் வைத்து, மகிமா சொல்லித்தந்தபடி பெருவிரலால் திரையை மேலிருந்து கீழே இழுத்தார். சின்ன வட்டம் ஒன்று தோன்றிச் சுற்றியது, நின்றது. கையை எடுத்துவிட்டு, காத்திருந்து, மறுபடி இழுத்தார். மத்தியானம் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே எடுத்து வைத்தபோதும் அவருடைய விரல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.