ஓரத்தில் ஒரு கி

ரைட்டர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

அவர் எழுதிய மூன்று படங்களிலும் ஒரே நாயகன்தான், இரும்பண்ணன். வருங்காலத்தில் ஒரு நகரம். மனிதர்கள் யோசித்தால் மின்சாரம் வீணாகிறது என்று அங்கே ஒரு கம்பெனி சட்டம் போடுகிறது. சட்டத்தைக் காப்பாற்ற இயந்திரப் போலீஸ்காரன் ஒருவனைத் தெருவில் இறக்கிவிடுகிறது. அவன் கேள்வி கேட்பவர்களைப் பிடித்து, தலை ஆடிக்கொண்டே இருக்கும்படி கழுத்தில் ஸ்பிரிங் வைத்து அனுப்புவான். கேட்டாலே தெரியும், இது நையாண்டி. முதல் படத்தை எழுதியபோது ரைட்டர் தனியாகச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

தப்பு நடந்தது ஓர் எழுத்தால்.

நாடகத்துக்கு எழுதிய காலத்திலிருந்தே ரைட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. கேலியாகச் சொல்ல வேண்டிய வசனத்துக்கு நேரே, தாளின் ஓரத்தில் 'கி' என்று போடுவார். கி என்றால் கிண்டல். அதைப் பார்த்ததும் நடிகர் குரலைக் கொஞ்சம் கோணலாக்க வேண்டும், இவன் வடிகட்டிய முட்டாள் என்று கேட்பவனுக்குப் புரிய வேண்டும். நாடகக் குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். சினிமாவில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டைரக்டர் அதைக் கிளாப்ஸ் என்று எடுத்துக்கொண்டார். எங்கெல்லாம் கி இருந்ததோ அங்கெல்லாம் கேமராவைத் தரையில் வைத்து, இரும்பண்ணனை அண்ணாந்து பார்த்து எடுத்தார். பின்னால் புகை போட்டார். டிரம்ஸ் முழங்கியது.

"யோசிக்கிற வேலைய என்கிட்ட விடு. நீ தலைய மட்டும் ஆட்டு."

முதல் நாள் முதல் காட்சியில் தியேட்டர் இரண்டுபட்டது. இருட்டில் டைரக்டர் ரைட்டரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எந்த இடத்துல கிளாப்ஸ் விழும்னு அச்சு அசலா குறிச்சு வெச்சிருக்கீங்களே! மனுஷனாய்யா நீங்க?"

அப்போதுதான் ரைட்டருக்கு விஷயம் விளங்கியது. சொல்லிவிட வாயைத் திறந்தார். பின்வரிசையில் எல்லோரும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏதோ ஒரு கணக்குதான் சார்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் பிழைப்பு நிலைத்தது. அடுத்த இரண்டு படங்களில் எங்கே கி போட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தே போட்டார்.

அவர் மனைவி தையல் ஃபேக்டரியில் செக்கிங் மேசையில் வேலை பார்த்தாள். சட்டையை உள்வெளியாகத் திருப்பி, நூல் பிரிந்திருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா என்று பார்க்கும் வேலை. "சினிமா இன்னிக்கு இருக்கும், நாளைக்குக் கையை விரிச்சிடும்" என்று சொல்லி, மூன்று படம் ஓடிய பிறகும் அவள் வேலையை விடவில்லை.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் அவர் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"இன்னிக்கு எங்க ஃபேக்டரில உங்க வசனம் ஓடுச்சுங்க."

"எது?"

"தலைய ஆட்டுறது." பையை இறக்கினாள். "செக்கிங் மேசைல இருந்த ஸ்டூல் மொத்தத்தையும் எடுத்துட்டாங்க. உட்காந்தா வேலை மந்தமாகுதாம். நான்தான் போய்க் கேட்டேன், பத்து மணி நேரம் எப்படி சார் நிக்கிறதுன்னு. மேனேஜர் எழுந்து, மெஷின் மாதிரி குரலை மாத்தி, அப்படியே சொன்னாரு. கழுத்தை வேற ஆட்டிக் காமிச்சாரு."

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் ஸ்டூல் பேச்சை யாரும் எடுக்கல."

"நீ?"

"நானும்தான் சிரிச்சேன். நல்ல வசனமாச்சே."

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பாதம் வீங்கி, செருப்பு வாரின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. ரைட்டர் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாத கி விஷயத்தை அவளிடம் சொன்னார்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கே தப்புன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்தாங்க."

"ம்," என்றாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை. கொஞ்ச நேரம் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தாள். "நாலாவது படம் எழுதுறீங்கல்ல? அதுல அவனை ஒரு வழி பண்ணிடுங்க. அந்தக் குரல்ல பேச எங்க மேனேஜர் கூசணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் வசனம் அது.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். கடைசிக் காட்சியில் இரும்பண்ணன் ஒரு கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறான். இழுத்தால் திறக்கும் கதவு. தள்ளு என்று கம்பெனி உத்தரவு. தள்ளுகிறான். மூன்று நாள் தள்ளுகிறான். பேட்டரி இறங்கி, மன்னிப்புக் கேட்கும் குரலில் முனகுகிறான். தரை துடைக்கும் அம்மா ஒருத்தி வாளியோடு வந்து, ஒற்றை விரலால் கதவை இழுத்துத் திறந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுய்யா, துடைக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். அவ்வளவுதான் இரும்பண்ணன்.

தாளின் ஓரத்தில் அவர் ஓர் எழுத்தும் போடவில்லை.

மனைவி படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மூணு நாளு! லூசுப் பய!" என்று சொல்லிச் சொல்லி அடுப்படி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

படக் கம்பெனியின் கூட்ட அறையில் டைரக்டர் அந்தக் காட்சியை உரக்கப் படித்தார். எதிரே இரும்பண்ணனாக நடிக்கும் ஹீரோ இருந்தார். அறுபதைத் தொடப்போகும் அவரை ஊரே 'தம்பி' என்றுதான் அழைத்தது. அவருக்குப் பக்கத்தில் அவருடைய மச்சான். எழுத்து இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருந்தார்.

படித்து முடித்ததும் தம்பி அந்தத் தாளை வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"கதவு ஜெயிக்குது, நான் தோக்கிறேன்," என்றார் தம்பி. "அப்ப போஸ்டர்ல கதவு படத்தைப் போடுவோமா?"

"ஒரு ஐடியா மாமா," என்றார் மச்சான். "கதவுக்கு அந்தப் பக்கம் குண்டு. இந்தப் பக்கம் ஆயிரம் குழந்தைங்க. கதவு திறந்தா எல்லாரும் காலி. அதான் மாமா மூணு நாளா அன்னம் தண்ணி இல்லாம தள்ளிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

"மெஷினுக்கு எதுக்கு அன்னம் தண்ணி?" என்றார் ரைட்டர்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன் சார்."

டைரக்டரின் கண் கலங்கியே விட்டது. "அந்தத் துடைக்கிற அம்மா?"

"அழுதுக்கிட்டே மாமா முகத்தைத் துடைச்சு விடுறாங்க."

"தரை துடைச்ச துணியாலயா?"

யாரும் சிரிக்கவில்லை. ரைட்டர் எழுந்தார். "சார், அவன் முட்டாள். முதல் படத்திலேர்ந்தே முட்டாளாத்தான் எழுதினேன். ஓரத்துல கின்னு போட்டேனே, அது கிளாப்ஸ் இல்ல சார். கிண்டல். நீங்க தப்பா எடுத்துட்டீங்க. நான் சொல்லாம விட்டுட்டேன்."

டைரக்டர் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி, மூஞ்சியை எவ்வளவு சீரியஸா வெச்சுக்கிட்டு கலாய்க்கிறாரு!" தம்பியும் சிரித்தார். மச்சான் சிரித்துக்கொண்டே ரைட்டர் சாரின் கையைக் குலுக்கினார்.

பதினோரு வருடம் அடைகாத்த உண்மை அந்த அறையில் அப்படித்தான் பொரிந்தது.

ரைட்டர் உட்கார்ந்தார். காட்சி மாறிவிட்டது, இனி பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம். நாற்காலியை நகர்த்தவும் செய்தார். அதற்குள் மச்சான், கதவைப் பிடித்துக்கொண்டு இரும்பண்ணன் பேசும் வசனத்தை அங்கேயே சொல்லிக்காட்டத் தொடங்கினார்.

"நான் உயிரோட நிக்கிற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது, அதனால யாரும் பயப்படாம, நானும் களைப்புன்னு உட்காராம..."

"நீளம்," என்றார் ரைட்டர். அது தானாக வாயிலிருந்து வந்துவிட்டது. ஆடும் பட்டனைக் கண்டால் அவர் மனைவியின் விரல் எப்படிச் சும்மா இருக்காதோ, அப்படி. "இவ்வளவு எதுக்கு? 'உட்கார்ந்தவன் தோத்தவன். நான் நிக்கிறேன்.' போதும்."

தம்பி மெல்ல எழுந்து, கண்ணாடிச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தி, அந்த இரும்புக் குரலில் அதைச் சொன்னார். டைரக்டர் கைதட்டினார். மச்சான் கைதட்டினார். டீ கொண்டுவந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். ரைட்டரின் காது மடல் சூடாயிற்று. அவருக்கு அது பிடித்திருந்தது.

செக்கிங் மேசையில் இந்த வசனம் எப்படி ஒலிக்கும் என்பது படிக்கட்டில் இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. மேனேஜர் எழுந்து நின்று, குரலை மாற்றி, எதிரே நிற்கும் பெண்களைப் பார்த்துச் சொல்கிற காட்சி புகை, டிரம்ஸ் எல்லாவற்றோடும் தெரிந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மேலே போய் வேண்டாம் என்று சொல்லலாம். மேலே இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கீழே இறங்கினார்.

வீட்டில் அவள் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க ஆச்சு? ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

"கதவு இருக்கா?"

"இருக்கு."

"மூணு நாளும் நிக்கிறானா?"

"நிக்கிறான்."

அவள் முகம் மலர்ந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தன்கூட வேலை பார்ப்பவளைக் கூப்பிட்டாள்.

"ஏய், நான்தான்டி. கேளு, இந்தத் தடவை இவரு அவன் மானத்தை வாங்கி வெச்சிருக்காரு. நம்ம மேசைல இருக்கிற அத்தனை பேரும் ஒண்ணாப் போறோம், முதல் நாளே. மேனேஜரையும் கூட்டிட்டுப் போவோம்டி. என் செலவு."

ரைட்டர் வெந்நீர் ஆறிவிட்டதா என்று குனிந்து தொட்டுப் பார்த்தார்.