மரம் ஏறத் தெரியாதவர்

அன்டனுக்கு ஒரு சாமான் மனதில் விழுந்துவிட்டால், அதை வாங்கும்வரை அவரும் உறங்கமாட்டார், மற்றவர்களையும் உறங்கவிடமாட்டார். இந்த முறை விழுந்தது சடில். குதிரைக்குப் போடுகிற சேணம் என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பையும் தொடையையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு பட்டி அது. கட்டிக்கொண்டு மரத்தில் ஏறி, கயிற்றில் சாய்ந்து தொங்கியபடியே மான் வரும்வரை காத்திருக்கலாம். பனிக்காலம் முழுவதும் அதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துத் தள்ளிய மனிதர், மொன்றியலில் அவர் வேலைசெய்த யன்னல் தொழிற்சாலையில் தேநீர் நேரம் வந்தால் போதும், கூட வேலைசெய்த சிநேகிதர் அருமைநாதனைப் பிடித்துக்கொண்டுவிடுவார்.

"சும்மா பைக்குள்ளை சுருட்டி வைச்சுக்கொண்டு போகலாம் அருமை. மான் எந்தப் பக்கத்தாலை வந்தாலும் மரத்தைச் சுத்தித் திரும்பலாம். உந்த ஸ்ராண்டைக் காவிக் காவி என்ர தோள் போட்டுது."

ஸ்ராண்ட் என்பது மரத்தில் பட்டியால் இறுக்கி வைக்கிற அலுமினிய இருக்கை. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் இருவரும் ஷெர்புரூக் பக்கத்தில், அன்டனுக்குத் தெரிந்த ஒரு கியூபெக்காரரின் காட்டில், ஆளுக்கொரு ஸ்ராண்டில் வில்லும் கையுமாகக் குந்தியிருப்பார்கள். கிடைத்த மானிறைச்சிக் கறி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வருகிற பாதிப் பேரின் வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

"எனக்கு ஸ்ராண்டே காணும்," என்பார் அருமைநாதன். "இப்ப இன்னும் பாரம் குறைஞ்சது வந்திருக்கு. அதிலை ரெண்டு வாங்குவம். ஆற அமர இருக்கலாம். தலைகீழாத் தொங்க நான் என்ன வௌவாலே?"

"ஆர் தலைகீழாத் தொங்கச் சொன்னது? உனக்குப் பயம். அதைச் சொல்லு."

"ஓம், பயம்தான்."

பயம்தான், பொய்யில்லை. ஆனால் அன்டன் நினைத்த பயம் இல்லை. ஸ்ராண்டுக்கு ஏறுவதற்கு மரத்தில் படிகளைக் கட்டுவார்கள். படியில் ஏறினால் எல்லாரும் ஒன்றுதான். அந்தப் படிகளில்கூட அருமைநாதன் மரத்தைக் கட்டிப்பிடித்து, மூச்சிரைத்து, நின்று நின்றுதான் ஏறுவார். "இப்ப இடக்காலைத் தூக்கு, பேந்து வலக்கால்," என்று அன்டன் கீழே நின்று பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுப்பார். அவ்வளவும் நடிப்பு. சடிலில் அந்த நடிப்பு நிற்காது என்று அருமைநாதனுக்குத் தெரியும். கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு முதுகைப் பின்னால் சாய்த்த அந்தக் கணமே அவருடைய கால்கள் அவரைக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும். அவருடைய அப்பா பனை ஏறிக் கள்ளுச் சீவிப் பிள்ளைகளை வளர்த்தவர். அருமைநாதனும் பதினைந்து வயதில் கூடவே ஏறியவர்.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் நல்ல இடத்தில் பிறந்தவர்கள் அல்லது நம்மவர்களை அறியாதவர்கள். ஒரு குளிர்ச்சட்டைகூட இல்லாமல் மொன்றியலில் வந்திறங்கிய சனம், இதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தது. "அவை என்ன ஆக்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள், நாகரிகம் தெரிந்தவர்கள். "ஊரிலை எவடம்?" என்று தொடங்குவார்கள். "அவடத்திலை எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?" என்று கிட்ட வருவார்கள். அருமைநாதனுக்கு யுத்தம் செய்த ஒரே உதவி, அதற்கு ஒரு பதிலைக் கொடுத்ததுதான். "எத்தனை இடம் இடம்பெயர்ந்தது, எதெண்டு சொல்ல?" என்பார். அப்பா தோட்டம் செய்தவர் என்பார். அதோடு கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

இத்தனை காலம் அது சமாளிப்புக்குப் போதுமாக இருந்தது. இப்போது அப்படியில்லை. செயின்ட்-மிஷேலில் ஒரு கார்தெறியில் சின்னப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அவருடைய ஒரே மகள் ஜொய்சியும், அன்டனின் மகன் றொசானும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அடுத்த வருட வைகாசியில் கலியாணம். அன்டன் வாய் நிறையச் சம்பந்தி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். மகள் வீட்டுக்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிவாள். அந்தப் பிள்ளையின் சந்தோசம் தன்னுடைய இரண்டு கால்களில் இருக்கிறது என்று அவருக்கும் அவர் மனைவி மாக்கிரட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

"கலியாணம் முடியுமட்டும் உந்த வேட்டையை விடுங்கோவன்," என்று மாக்கிரட் கேட்டுப் பார்த்தார்.

"விட்டா ஏன் எண்டு கேப்பான். ஸ்ராண்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறன். நீர் பேசாமல் இரும்."

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து லொங்குய்யில் அன்டன் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது, மனிதர் யாரையும் கேட்காமல் சடிலை வாங்கியேவிட்டார் என்று. இறைச்சிக்கறி இன்னும் வயிற்றுக்குள் இறங்கவில்லை, அதற்குள் பட்டியைக் கட்டிக்கொண்டு பின்வளவில் நின்ற மேப்பிள் மரத்துக்குப் போய்விட்டார். நெடுநெடுவென்று நிமிர்ந்த மரம். அதில் படிகளைக் கட்டிக்கொண்டே ஏறி, இரண்டு ஆள் உயரத்தில் கால் வைக்கிற சின்னத் தட்டையும் பொருத்தினார். அன்டனின் மனைவி றீற்றா, "விழுந்து துலையப் போறியள்," என்று கதிரையில் இருந்தபடியே சொன்னார். ஜொய்சி சிரித்துச் சிரித்து ஃபோனில் வீடியோ எடுத்தாள்.

அன்டன் கயிற்றைக் கொளுவிவிட்டு, "இப்ப பாருங்கோ," என்று பின்னால் சாய்ந்தார். தட்டிலிருந்து கால் வழுக்கியது. உதறிய உதறலில் மேல் படி இரண்டும் கழன்று கீழே விழுந்தன. பட்டி தொடையிலிருந்து நழுவி விலாவுக்கு ஏறி இறுக்க, மனிதர் பக்கவாட்டில் தொங்கினார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவருடைய முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார், சத்தம் வரவில்லை.

றொசான் மிச்சப் படியில் ஏறி எட்டிப் பார்த்தான், சப்பாத்துக்கூட எட்டவில்லை. ஏணி கேட்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினான், அங்கே ஆளில்லை. றீற்றா மாதாவைக் கூப்பிட்டார். யாரோ தீயணைப்புக்காரருக்கு ஃபோன் அடிக்கச் சொன்னார்கள்.

அருமைநாதன் யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். மகளை ஒருதரம் பார்த்தார். மாக்கிரட்டைப் பார்த்தார். மாக்கிரட் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி எறிந்தார், புல்லில் கிடந்த மேலதிகப் பட்டியை எடுத்து வளையமாக முடிந்து இரண்டு பாதங்களிலும் மாட்டினார், மரத்தைக் கட்டினார், போய்விட்டார். ஏறினார் என்று சொல்லமுடியாது. கை ஒருதரம், கால் ஒருதரம், அவ்வளவுதான், மேலே நின்றார். தோளை அன்டனுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, பட்டியை இழுத்துத் தொடைக்கு இறக்கி, காலைத் தட்டில் ஊன்றவைத்தார். அன்டன் மூச்சை இழுத்து இழுத்து அவருடைய கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மேலே நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அருமைநாதன் சந்தோசமாக இருந்தார். நண்பன் பிழைத்தது ஒன்று. மற்றது, தன்னுடைய கால்களை ஒளிக்காமல் இருந்தது. அதைச் சொல்ல ஏன் வெட்கப்படவேண்டும்?

இறங்கியதும் றொசான் கட்டிப்பிடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். ஜொய்சிக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா ஏறுகிற துண்டை மட்டும் வெட்டி, "என் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது" என்று பிரெஞ்சில் எழுதி, அங்கேயே இன்ஸ்ரகிராமில் போட்டாள்.

றீற்றாவின் கை மட்டும் பாதியில் நின்றது. அவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, உது எங்கை பழகினீங்கள்?"

"ஊரிலை பெடியள் எல்லாரும் மரம் ஏறுறதுதானே தங்கச்சி."

"மாமரம் ஏறுவினம்," என்றார் றீற்றா. "காலுக்குத் தளநார் போட்டு ஏறமாட்டினம்."

பனை ஏறுகிறவர்கள் காலில் மாட்டுகிற நார்வளையத்தின் பெயர் அது. அந்தச் சொல்லை அருமைநாதன் மொன்றியலில் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். சூடு தெரியவில்லை.

அதன்பிறகு சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நல்லது. அடுத்த ஞாயிறு பூசையில் அன்டன் குடும்பம் வேறு வாங்கில் இருந்தது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டுகிற கதை நின்றது. தொழிற்சாலையில் அன்டனுக்குத் தேநீர் நேரத்தில் எப்போதும் ஒரு ஃபோன் வந்தது. கடைசியில் ஒரு பின்னேரம் கார் நிறுத்துகிற இடத்தில் அவரே வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அருமைநாதனுக்கு இவ்வளவு நொந்திருக்காது.

"அருமை, நீ எனக்கு உயிர் தந்தவன். இதிலை எனக்கு ஒண்டுமில்லை, சத்தியமா. றீற்றான்ர அக்காமார் ரொறொன்ரோவிலை அந்த வீடியோவைப் பாத்திட்டினம். ஊருக்கும் அடிச்சு விசாரிச்சிட்டினம். எங்களுக்கும் ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கெல்லே, நாளைக்கு அவளுக்கு..."

அருமைநாதன் சாப்பாட்டுப் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கொஞ்சக் காலம் போகட்டும்," என்றார் அன்டன். பிறகு, சமாதானம் செய்கிற நினைப்பில், மனிதர் இதையும் சொன்னார்: "வேட்டைக்கு வருவாய்தானே? நீ சொன்னதுதான் சரி, எங்களுக்குச் சடில் சரிவராது. அந்தப் பாரம் குறைஞ்ச ஸ்ராண்ட் ரெண்டு ஓடர் பண்ணட்டோ?"

மான் வேட்டைக்கு அவர் வேண்டும். இறைச்சியை ஒரு சட்டியில் காய்ச்சி ஒன்றாகச் சாப்பிடலாம். பெண் மட்டும் எடுக்கமுடியாது. அருமைநாதனுக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. தொங்கினபோது கேட்டிருக்கலாமே, என்ன ஆக்கள் தூக்குகிறது என்று.

"உனக்கு மட்டும் எடு," என்றார். மெற்றோவில் ஏறி வீடு போகும்வரை அழுதார். எதிரே இருந்த கிழவர் ஒருவர் எழுந்து வந்து கடதாசிக் கைக்குட்டை கொடுத்தார்.

மகளுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை ஜொய்சி குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தாள். கலியாணத்தைத் தள்ளிப்போடுவோம், அம்மாவுக்குச் சுகமில்லை என்று றொசான் எழுதியிருந்தானாம்.

"அப்பா, நான் அந்த வீடியோவை அழிச்சிட்டன்," என்றாள். "அன்டன் மாமா தொங்குறது அதிலை தெரியுது, அது அவைக்கு வெக்கமாப் போச்சாக்கும். நீங்கள் ஒருக்காக் கதைச்சு, நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லுவீங்களா?"

மாக்கிரட் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டார். அருமைநாதன் கதிரையை மகளுக்குக் கிட்ட இழுத்தார். இந்தப் பிள்ளை தன்னில் பிழை தேடுகிறது.

"நீ ஒரு பிழையும் செய்யேல்லை," என்றார். "உன்ர அப்பப்பா என்ன வேலை செய்தவர் எண்டு தெரியுமே?"

"தோட்டம்."

"இல்லை. பனை ஏறிக் கள்ளுச் சீவினவர். நானும் ஏறினனான்."

ஜொய்சி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பேந்து?"

"பேந்து ஒண்டுமில்லை. அவ்வளவுதான்."

"ஆரையும் கொலை செய்தவரோ? களவெடுத்தவரோ?"

"இல்லை பிள்ளை. மரம் ஏறினவர். எங்கட ஆக்கள் அதைக் குறைவெண்டு நினைக்கிறவை. அப்பிடியான வீட்டிலை பொம்பிளை எடுக்கமாட்டினம்."

இதைச் சொல்லும் நாள் எப்படி இருக்கும் என்று அவர் மகள் பிறந்த நாளிலிருந்து பயந்துகொண்டிருந்தார். நாள் முழுக்கச் சொன்னாலும் தீராது என்று நினைத்திருந்தார். மூன்று வசனத்தில் முடிந்துவிட்டது.

ஜொய்சிக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதிச் சிரிப்பு.

"அப்பா, உது மாமியும் அவவின்ர அக்காமாரும் நினைக்கிறது. றொசானுக்கு இதொண்டும் தெரியாது. அவன் இஞ்சை பிறந்தவன். நான் இப்பவே கதைக்கிறன், அவன் வீட்டிலை பெரிய சண்டை பிடிப்பான், பாருங்கோ."

அந்த நிமிடம் அருமைநாதனும் நம்பினார். ஏன் நம்பக்கூடாது? இங்கே பிறந்த பெடியன். மரத்தடியில் தன்னைக் கட்டிப்பிடித்தவன்.

ஜொய்சி ஃபோனைக் கையில் எடுத்தாள். அவனுடைய பெயரைத் தொடப்போன விரல் அப்படியே நின்றது. ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"போன கிழமை அவன் என்னட்டைக் கேட்டவன் அப்பா," என்றாள். "அப்பப்பா என்ன வேலை செய்தவர் எண்டு."

மாக்கிரட் அடுப்பை அணைத்தார்.

"எனக்குச் சந்தோசமா இருந்தது. எங்களைப் பற்றி அறிய ஆசைப்படுறான் எண்டு நினைச்சன். தோட்டம் எண்டனான். அப்பாட்டை வடிவாக் கேட்டுச் சொல்லு எண்டவன்."