மாமனார் பார்க்க மறுத்த கடல்

கேக் மேலிருந்த மெழுகுவத்தியை ஊதிவிட்டு, "எனக்குக் கடல் பாக்கணும்" என்று மாமியார் கசிமிரா சொன்னபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். மூத்த மருமகள் ரோஸ்மெரி மட்டும் தட்டவில்லை. காகிதத் தட்டுகளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டி முடித்ததும் எல்லாத் தலையும் தன் பக்கம்தான் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பின.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு கல்யாணத்துக்காக, பொலிவியாவில் தங்கள் ஊரான ஒரூரோவிலிருந்து கொச்சபாம்பாவுக்குக் குடும்பம் மொத்தத்தையும் பஸ்ஸில் ஏற்றி, ஒருவரையும் வழியில் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. அதற்கப்புறம் கல்லறைக்குப் பூ கொண்டுபோவதென்றாலும், ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போவதென்றாலும் அவளையே கேட்டார்கள். அவளுக்கு வேலை ஒரு பள்ளிக்கூடத்தில். பாடம் நடத்துவதில்லை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும், தாமதமாக வருகிறவர்களை வாசலில் மடக்குவதும்தான் வேலை.

"அறுநூறு பிள்ளைங்கள மேய்க்கறவ நீ. நாங்க இருபத்தாறு பேர் உனக்கு ஒரு பாரமா?" என்றாள் நாத்தனார் எல்பா.

"அந்த அறுநூறும் சொன்னா கேக்கும் அண்ணி."

யார் காதிலும் விழவில்லை. எல்லோரும் கேக்கைச் சுற்றிக்கொண்டார்கள்.

ஜனவரி விடுமுறையில் போவதென்று முடிவானது. கிட்டத்தில் இருக்கிற கடல் அரீகா. விடியற்காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் மணலில் நிற்கலாம். தெருவில் பாதிப் பேர் போய்வந்த இடம். ரோஸ்மெரி ஒரு விடுதியில் பேசி, அறைகளுக்குச் சொல்லிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். மாமனார் ரெம்பெர்டோ ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அரீகா சிலியில இருக்கு."

"ஆமா மாமா, அங்கதான் இருக்கு."

"திருடினவன் வாசல்ல போய், ஐயா கொஞ்சம் கடல் காட்டுங்கன்னு நான் நிக்கமாட்டேன்."

பொலிவியாவுக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது. ரெம்பெர்டோவின் பாட்டனுக்கும் முந்தின தலைமுறையில் நடந்த சண்டையில் சிலி அதைப் பிடுங்கிக்கொண்டது. அந்தக் கடலைத் திருப்பிக் கேட்டு வருஷாவருஷம் மார்ச் மாதத்தில் ஊர்வலம் போகும். ரயில்வே பேண்டில் பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு ரெம்பெர்டோ முன்வரிசையில் போவார். ரிட்டயர் ஆகி, முதுகு வளைந்து, டிரம்மை வேறொருவனிடம் கொடுத்த பிறகும் கூடவே நடந்தார். அப்படிப்பட்ட மனுஷனிடம் விடுதியில் காலைச் சாப்பாடு இலவசம் என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

"அப்ப எங்க போறது மாமா?"

"பெருவுல இலோன்னு ஒரு ஊர் இருக்கு. பெருக்காரன் நமக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

இலோ தூரம். வளைந்து வளைந்து போகிற வழி. வாட்ஸப் குழுவில் அன்றைக்கே இரண்டு கட்சி உண்டாயிற்று. அரீகாவில் துணி மலிவு என்றார்கள் சிலர். அப்பா மனசை நோகடிக்காதீர்கள் என்றார்கள் வேறு சிலர். ஆனால் அவர்களும் இலோ வரைக்கும் உட்கார்ந்து வர முடியாது என்றுதான் சொன்னார்கள். எல்பா மட்டும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பாலாடைக்கட்டி எத்தனை கொண்டுவரட்டும் என்று கேட்டாள்.

"பால், பழம், கறி எதையும் எல்லையில விடமாட்டாங்க அண்ணி" என்று ரோஸ்மெரி எழுதினாள்.

"அங்க போய் பட்டினி கிடக்கறதா?" என்று பதில் வந்தது.

கணவன் க்ரோவரிடம் கேட்டால், "நீ எது சொன்னாலும் சரி" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அவளுக்கோ அது "எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ" என்றுதான் கேட்கும்.

மாமியாரை யாருமே கேட்கவில்லை என்பது ஒரு நாள் அவளுக்கு உறைத்தது. சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கசிமிராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்களுக்கு எந்தக் கடல் வேணும்?"

கசிமிரா கத்தியை நிறுத்தி யோசித்தாள். "மேடு ஏற வேண்டாத கடலா பாரு. முட்டி வலிக்குது."

கடைசியில் இலோதான் என்றாயிற்று. அரீகா விடுதிக்காரியிடம் மன்னிப்புக் கேட்டு வேண்டாமென்றாள். இலோவில் வேறு இடம் தேடினாள். மாடிப்படி இல்லாத அறை ஒருவருக்கு. குறட்டை விடுகிறவர் இல்லாத அறை இன்னொருவருக்கு. கொழுந்தன் லிம்பெர்ட்டின் பிள்ளைகளை எல்லை தாண்டிக் கூட்டிப்போக, அவனை விட்டுப் பிரிந்துபோனவளின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதைக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்ததாம். ரோஸ்மெரிதான் அவள் கடைக்குப் போய், வேண்டாத இரண்டு சட்டைகளையும் வாங்கிக்கொண்டு, கையெழுத்தோடு வந்தாள்.

கிளம்புகிற அன்று, வெளிச்சம் வருவதற்கு முன்பே வீட்டு வாசலில் பஸ் வந்து நின்றது. சுடச்சுட சோளப் பானத்தை ஊதிக் குடித்துக்கொண்டு, போர்வையும் பெட்டியுமாகக் குடும்பம் கூடியது. எல்லோரும் ஏறி, இறங்கி, இடம் மாற்றிச் சண்டை போட்டு, மறுபடி ஏறி முடிகிற நேரத்தில், டிரைவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ரோஸ்மெரியிடம் வந்தார்.

"பெரு ரோடு அடைச்சுட்டாங்கம்மா. மறியல். ராத்திரிலேருந்து கல்லப் போட்டு உக்காந்திருக்காங்க. எப்ப எழுந்திருப்பாங்கன்னு தெரியாது."

"வேற வழி?"

"பெருவுக்கு இல்ல. சிலி ரோடு தொறந்திருக்கு."

இந்த வார்த்தை பஸ்ஸுக்குள் போனதும் இருபத்தாறு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. அரீகா கட்சி ஜன்னல் வழியாகச் சிரித்தது. மாமனார் கட்சி நாளைக்குப் போகலாம் என்றது. ஒரு குழந்தை அழுதது. யாரோ தன் போர்வையைக் காணோம் என்றார்கள். "ரோஸ், நீ எது சொன்னாலும்…" என்று க்ரோவர் ஆரம்பித்தான்.

ரோஸ்மெரி கைப்பையைத் திறந்து பள்ளிக்கூட விசிலை எடுத்து ஊதினாள். தெரு நாய்களெல்லாம் குரைத்தன. பஸ் அடங்கிவிட்டது.

"பஸ் அரீகாவுக்குப் போகுது" என்றாள். "வர்றவங்க உக்காருங்க. வராதவங்க இறங்குங்க. இனிமே நான் யாரையும் அபிப்பிராயம் கேக்கப்போறதில்ல."

ரெம்பெர்டோ எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவில் நின்றார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"கசிமிரா."

"சூப் ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்றாள் கசிமிரா. "சுட வச்சுக்கோ கிழவா. அடுப்ப அணைக்க மறந்துடாத."

டிரைவர் ரோஸ்மெரியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். பஸ் தெருமுனைகூடத் திரும்பவில்லை, பின்பக்கத்தைக் கையால் அடிக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தார்கள். மூச்சு வாங்க ஏறினார் ரெம்பெர்டோ. "நம்ம மண்ணு முடியற வரைக்கும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ரோஸ்மெரி அரீகா விடுதிக்காரியைப் போனில் பிடித்து, மறுபடி மன்னிப்புக் கேட்டு அறைகளைத் திரும்ப வாங்கினாள். எல்லை வரும் வரைக்கும் அவர், மலைக்காரர்கள் வெற்றிலைபோல மெல்லும் கோக்கா இலையை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பனி மலைகளைப் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எல்லையில் லாரிகள் நீளமாக நின்றன. ரெம்பெர்டோ சொன்னபடி இறங்கி, சாலையோரத்து சூப் கடை பெஞ்சில் பெட்டியை வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கேயே ஒரு அறை எடுத்து, அவர்கள் திரும்பி வரும் வரைக்கும் இருக்கப்போகிறாராம்.

இன்னொரு பக்கம், மோப்ப நாய் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எல்பா தன் துணிமூட்டைக்கு அடியிலிருந்து நான்கு பெரிய பாலாடைக்கட்டிகளை வெளியே எடுத்தாள். தூக்கிப்போட மனசு வரவில்லை. பஸ்ஸுக்கு வெளியே குடும்பத்தை நிற்கவைத்துத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுத்தாள். "வயித்துக்குள்ள போனத எந்த நாய் கேக்கும்? சாப்பிடுங்க" என்று வற்புறுத்தினாள். அந்தக் குளிர்காற்றில், ரொட்டிகூட இல்லாமல், எல்லோரும் வாய் நிறைய மென்றுகொண்டு நின்றார்கள்.

அதைப் பார்த்தபோது ரோஸ்மெரிக்கு ஒரு நிமிஷம் அப்படியே திரும்பி ஊருக்கு நடந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் மாமனாரைக் கடை பெஞ்சில் விட்டுவிட்டுப் போனால், நாலு நாளும் எல்லோரும் அவளிடம்தான் கேட்பார்கள்: அப்பா சாப்பிட்டாரா, அப்பாவுக்குக் குளிருமா. அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கு முடியல" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாதாடத்தான் வருவாள் என்று எதிர்பார்த்திருந்தார் போலும்.

"அங்க சின்னப் பையன் ஒருத்தன் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான்" என்றார் மெதுவாக. "என் அடையாள அட்டையப் பாத்துட்டு, எதுக்கு வந்திருக்கேம்பான். நான் என்ன சொல்லட்டும்? சுற்றுலான்னா? எங்க வீட்ட நானே சுத்திப் பாக்க வந்திருக்கேன்னா?"

அவர் சொல்வது நியாயம்தான் என்று ரோஸ்மெரிக்குத் தோன்றியது. தோன்றி என்ன செய்ய? பஸ்ஸில் இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள்.

"நீங்க கடல் பாக்க வேண்டாம். திரும்பி உக்காந்துக்குங்க. எல்லாரும் தண்ணியில இறங்கினா பையெல்லாம் யார் பாக்கறது? நான்தான். கடற்கரைக்குப் போயும் நான் பைக்குக் காவல் உக்காரணும். அந்த ஒரு வேலைய நீங்க எடுத்துக்குங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"பைக்குக் காவலா?"

"ஆமா."

ரெம்பெர்டோ கன்னத்து இலையைத் துப்பினார். பிறகு எழுந்து கடைக்காரியிடம் போய், சட்டைப்பையிலிருந்த கோக்கா இலைப் பொட்டலத்தை நீட்டினார். "அந்தப் பக்கம் இத விடமாட்டாங்க. வச்சிரும்மா, திரும்பறப்ப வாங்கிக்கறேன்."

சாவடியில் அவர் முறை வந்தது. நிஜமாகவே சின்னப் பையன்தான் உட்கார்ந்திருந்தான். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான்.

"மருமக கூப்பிட்டா" என்றார் ரெம்பெர்டோ. பையன் அட்டையில் இருந்த வயதைப் பார்த்தான். பின்னால் இடுப்பில் கைவைத்து நின்ற ரோஸ்மெரியைப் பார்த்தான். மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டான்.

மறுநாள் அரீகாவின் சின்சோரோ கடற்கரையில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லாப் பைகளையும் குவித்து, அதன் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, ஊர்ப்பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தார். பின்னால் அலை இரைந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். கசிமிரா பாவாடைகளை முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேத்திகள் இருவர் தோளைப் பற்றித் தண்ணீரில் நின்றாள். ஒவ்வொரு அலைக்கும் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றாள். அவர் திரும்பவில்லை. கார்கள் நிறுத்துமிடத்தையும் ஐஸ்கிரீம் வண்டியையும் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோஸ்மெரி கொஞ்ச தூரத்தில் படுத்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். பல மாதங்களுக்கு அப்புறம் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அப்படியே கண் அயர்ந்துவிட்டாள்.

எல்பா அலறுவது கேட்டுத்தான் எழுந்தாள். கடல் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஊரைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? பெரிய அலை ஒன்று பின்னாலிருந்து வந்து நாற்காலியையும் பைகளையும் ஒன்றாக நனைத்துவிட்டுப் போயிருந்தது. துண்டுகள் மிதந்தன. லிம்பெர்ட்டின் ஒற்றைச் செருப்பு சிலிக்கே சொந்தமாகிவிட்டது. ரெம்பெர்டோ இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நின்றார். கடைசியில் திரும்பித்தான் நின்றார். எதிரே அத்தனை கடலும் இருந்தது.

"என்னப்பா காவல் காத்த நீ? என் போன் போச்சு" என்று எல்பா கத்தினாள். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர் கடலைப் பார்த்தபடியே நின்றார். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நனைந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

ரோஸ்மெரி பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று க்ரோவர் ஓடிவந்தான்.

"ரோஸ், இப்ப இந்த ஈரத்துணியெல்லாம் என்ன பண்றது?"

"எனக்குத் தெரியாது" என்றாள். அந்த வார்த்தையை அவன் அவளிடமிருந்து கேட்டதே இல்லை. துணிகளை அவனே பொறுக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் விடுதி மொட்டைமாடியில் கயிறு கட்டி, இருபத்தாறு பேரின் துணியையும் அவனும் லிம்பெர்ட்டும் காயப்போட்டார்கள். ரோஸ்மெரி படியில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தாள். ரெம்பெர்டோ மகனுடைய அரை நிக்கரைப் போட்டுக்கொண்டு, கூச்சத்தோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"எங்க மாமா?"

"அங்கதான்" என்று பார்க்காமலே கடல் பக்கம் கையைக் காட்டினார்.

"யாரையாவது கேளுங்க. நான் நாளைக்குத் தூங்கப்போறேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை அவள் அறைக் கதவை மூன்று முறை தட்டினார்கள். துண்டு எங்கே, மாத்திரை எங்கே, அம்மாவின் செருப்பு எங்கே என்று. அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் ரெம்பெர்டோவின் குரல் கேட்டது.

"அவளத் தொந்தரவு பண்ணாதீங்க. என்ன வேணும்? எங்கிட்ட கேளுங்க."

அவரிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ரோஸ்மெரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.