எல்லாத் தீக்கும் ஒரே வாளி

வெளிச்சம் வருவதற்குள் எங்கள் கைகள் பசையில் இறங்கிவிடும். டின்னைத் திறந்ததும் கிளம்பும் நெடி கண்ணைக் கரித்துத் தொண்டையில் போய் உட்காரும். ஷூவின் அடித்தோலில் தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்து, பாதி காய்ந்ததும் மேல்தோலை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மரத்துப்போகும். அதற்குள் அடுத்த ஜோடி முன்னால் வந்து நிற்கும்.

அன்று எங்கள் மேசையில், நெட்டை என்று நாங்கள் கூப்பிடுபவனின் இடம் காலி. போன வாரம் டீ அடுப்பின் பொறி பட்டு ஒரு பசை டின் பற்றிக்கொண்டபோது, அவன் சுவரில் தொங்கிய சிவப்பு வாளியை எடுத்து ஊற்றினான். வேறென்ன செய்வான்? ஆலை முழுக்கத் தொங்கியவை தண்ணீர் வாளிகள்தான். தண்ணீர் அடியில் போக, எரியும் பசை மேலே மிதந்து வழிந்து அவன் கால்களைப் பிடித்தது. சாக்குகளைப் போட்டு மூடி அவனை வெளியே இழுத்தோம்.

அவன் மனைவி தையல் பிரிவில் இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நேரே வேலைக்கு வந்தவளை முதலாளி தன் அறைக்கு அழைத்தார். அங்கே நடந்ததை அவளே பிறகு எங்களிடம் சொன்னாள்.

"உட்காரும்மா. உன் புருஷனுக்கு எப்படி இருக்கு?"

"கட்டுப் பிரிக்கும்போது கத்துறாரு சார்."

"பாவம். ஆனா பசைத் தீயில தண்ணி ஊத்தினது யாரு தப்பு? விசாரிக்க கவர்மெண்ட் ஆபீசர் வர்றாரு. 'எங்க வீட்டுக்காரர் அவசரப்பட்டுட்டார்'னு ஒரு வார்த்தை சொல்லிடு. வைத்தியத்தை நான் பாத்துக்கறேன்."

"சொல்லலேன்னா?"

"அப்புறம் நீயாச்சு, ஆஸ்பத்திரியாச்சு."

அவள் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று அங்கே பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நாங்கள் கத்தினோம்.

அழுத்து இயந்திரத்தின் ஸ்விட்ச் போர்டு படபடவென்று பொறிந்து நெருப்பைக் கக்கியது. அதன் கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளும் பற்றிக்கொண்டன. சூப்பர்வைசர் வாளியோடு பாய்ந்தார். எலெக்ட்ரீஷியன் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"ஊத்தாதீங்க சார்! கரண்ட் ஓடுது. ஊத்தினா முதல்ல போறது நீங்கதான்!"

"பின்ன எரியட்டும்னு விடச் சொல்றியா?"

"மெயினை இறக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்க."

மெயின் ஸ்விட்சை மறைத்துச் சரக்கு மூட்டைகள் கிடந்தன. அவர் அவற்றின் மேல் ஏறி விழுந்து போனார். நாங்கள் பசை டின்களை ஒவ்வொன்றாக மூடி, மேசையை அந்தக் கோடிக்குத் தள்ளினோம். புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. விளக்குகள் அணைந்தன. அந்த இருட்டில் நெட்டையின் மனைவி சிலிண்டரை இடுப்பில் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இது ஆகுமாண்ணே?"

"இதேதாம்மா வேணும்! மேல இருக்கிற பின்னை உருவிட்டு, நெருப்போட அடியைப் பாத்து அடி!" என்றபடி எலெக்ட்ரீஷியன் திரும்பி ஓடி வந்தார்.

வெள்ளைப் புகை சீறியது. போர்டு கறுத்து அடங்கியது. பெட்டிகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

"இப்ப ஊத்துங்க!" என்றார் எலெக்ட்ரீஷியன். வாளி வாளியாக ஊற்றினோம்.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி முதலாளி வந்தார். "அணைஞ்சாச்சுல்ல? கூட்டம் போடாம வேலையைப் பாருங்க. ஏம்மா, அதைக் கொண்டுபோய் என் ரூம்ல மாட்டு."

"மாட்ட மாட்டேன் சார்." அவள் சிலிண்டரை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "யாரு தப்புன்னு கேட்டீங்களே. உங்க சூப்பர்வைசரும் இப்ப வாளியோடதானே ஓடி வந்தாரு? கண்ணுக்குப் பட்டது அதுதான். மத்தது உங்க முதுகுக்குப் பின்னால இருந்துச்சு."

"வாய் நீளுது. கேட்டுக்கு வெளிய வேலை கேட்டு ஆள் நிக்குது, தெரியுமில்ல?"

"மெயினை இறக்கினது நான்" என்றார் எலெக்ட்ரீஷியன். "பசைப் பக்கம் மணலும் நுரை சிலிண்டரும் வரட்டும். போர்டு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது மாதிரி ஒண்ணு வரட்டும். அப்புறம் ஏத்தறேன்."

"நெட்டையோட வைத்தியமும் கம்பெனிதான் பாக்கணும்" என்று எங்களுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று முதலாளி தேடினார். அதற்குள் எல்லோரும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டோம்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோமே தவிர இருப்புக் கொள்ளவில்லை. வாடகை, பிள்ளைகள், அடுப்பு என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டோம். அவள் எழுந்து எழுந்து சாலையைப் பார்த்தாள்.

"அங்க அவருக்கு மருந்தை நிறுத்திட்டாங்கன்னா?"

"நான் போய்ப் பக்கத்துல உட்காந்துக்கறேன்" என்று பசை மேசைக்காரி ஒருத்தி எழுந்தாள். "நிறுத்தினா அங்கயே சத்தம் போடறேன். நீ இங்க இரு. ஆபீசர் வந்தா நீதான் பேசணும்."

மதிய ஷிப்ட்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். சூப்பர்வைசர் கேட்டைத் திறந்து, "நீங்க உள்ள வாங்க, நீங்க வாங்க" என்று அவசரப்படுத்தினார். முன்னால் வந்தவர் எதற்கும் ஒத்துவராத மனிதர். முசுடு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் நின்று, "என்ன விஷயம்?" என்று அவளைக் கேட்டார். அவள் சொன்னாள். அறையில் நடந்த பேரத்தையும் விடாமல் சொன்னாள்.

திறந்திருந்த கேட்டை முசுடு பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எங்க பக்கமும் அதே வாளிதான்" என்று முணுமுணுத்தார். பிறகு தோள்பையைத் தரையில் போட்டார். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா. வெயில் முழுக்க என் மேலயே அடிக்கணுமா?"

தள்ளினோம். அவருக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டிருந்ததால், தள்ளிக்கொண்டே இருந்தோம்.