தொட்டாச்சு

என் புகுந்த வீட்டில் ஒரு கிறுக்குச் சட்டம் உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும், முதலில் தொட்டு "தொட்டாச்சு" என்று சொன்னவருக்குத்தான் அது. அப்பீல் கிடையாது. பிள்ளைகள் சண்டை தாங்காமல் மாமியார் என்றைக்கோ போட்டதாம். என் கணவருக்கும் நாத்தனாருக்கும் தலை நரைத்தும் அது மாறவில்லை. பத்திரம் எழுதிக் கொடுத்தால்கூட இவர்கள் இப்படி மதிக்க மாட்டார்கள்.

வீட்டைக் காலி செய்து சாமான்களைப் பங்கு போடுகிற அன்று நாத்தனார் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றாள். அலமாரி, தொட்டாச்சு. சுவர்க்கடிகாரம், தொட்டாச்சு. என் கணவர் ஒரு ஓட்டை ரேடியோவைத் தொட்டுவிட்டு உலகத்தையே ஜெயித்த மாதிரி இளித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூலையில் இருந்த தையல் மெஷின். பேர்தான் மாமியாருடையது, ராப்பகலாக ஓட்டுகிறவள் நான். தெருவில் பாதிப் பேர் போட்டிருப்பது என் தையல். அது போனால் என் பிழைப்பே போச்சு. ஓடிப்போய்த் தொட்டிருக்கலாம். ஆனால் இந்த ஆட்டத்தில் மருமகளுக்கும் இடம் உண்டு என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. போய்க் கேட்க ரோஷம் விடவில்லை.

இதில் மாமியார் வேறு. காலையிலிருந்து மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் அசையவே இல்லை.

"அத்தை, கொஞ்சம் எழுந்திரிங்க, பெருக்கணும்."

"சுத்திப் பெருக்கு."

காபிக்குக் கூப்பிட்டாலும் "இங்கேயே கொண்டா" என்றார். மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் பயந்தபடியே நாத்தனார் அந்த மூலைக்கு வந்தாள். மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தொட்டாச்சு! என் பொண்ணு தையல் கத்துக்கணும்னு சொல்லிட்டே இருக்கா."

என் கணவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். மகாராஜாவுக்கு வாய் வந்தால்தானே?

"கையை எடு" என்றார் மாமியார்.

"ஏம்மா? நான்தானே முதல்ல தொட்டேன்?"

"கிழிச்சே. கீழ பாரு."

புடவையை லேசாகத் தூக்கினார். அவர் பாதம் மெஷின் பெடல் மேல் இருந்தது.

"நீ வர்றதுக்கு முன்னாடியே தொட்டாச்சு. காலே மரத்துப்போச்சு. மெஷின் என்னுது. நான் யாரைச் சொல்றேனோ அவதான் ஓட்டுவா. இவதான் ஓட்டுவா" என்று என்னைக் காட்டினார்.

"காலால தொட்டா செல்லாது!"

"சட்டம் போட்டவ நான். எனக்கே சொல்றியா?"

"அழுகுணி ஆட்டம்மா இது!" நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, மெஷின் உனக்கு. உன்னை யாரும் தொடலையே? நீ என் வீட்டுக்கு வா."

சொல்லிக்கொண்டே அம்மா பக்கம் கையை நீட்டினாள். துடைப்பத்தை எங்கே போட்டேனோ தெரியாது. என் கை மாமியார் தோளில் இருந்தது.

"தொட்டாச்சு" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

ஒருத்தரும் செல்லாது என்று சொல்லவில்லை.

"கையை எடுடி, புடவையெல்லாம் தூசி" என்றார் மாமியார்.

நான் எடுக்கவில்லை.