ஆசீர் சார் வீட்டுப் பால் கார்டு

...பால் கார்டை நிறுத்திவிட்டாராமே, ஒரு மனுஷர் தன் வீட்டுக்குப் பால் வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் இத்தனை பேர் உட்கார்ந்து அர்த்தம் தேட வேண்டுமா என்று பாக்கியமேரிக்குச் சிரிப்புதான் வந்தது, ஆனால் அது உதட்டுக்கு வருவதற்குள் வற்றிவிட்டது, ஏனென்றால் சொன்னது மூக்கன், பாலக்கரையில் ஆசீர் சார் வீட்டுத் தெருமுனையில் பால் பூத் வைத்திருக்கும் மூக்கன், சாயங்காலமானால் பூத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இந்தக் கல்லூரி பாஸ்கட்பால் மைதானத்துச் சிமெண்ட் படிக்கு வந்துவிடுகிறவர். கீழே பெண்கள் அணி பயிற்சியில் இருந்தது, நடுவில் கோச் ஆசீர் சார், நான்கு வருடத்தில் மூன்று கோப்பை, அவர் வருவதற்கு முன்னால் முதல் சுற்றைத் தாண்டாத அணி இது... சென்னையில் ஏதோ பெரிய கல்லூரி கூப்பிடுகிறது என்று ஒரு வாரமாகப் பேச்சு, யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியாது, போவார் என்று பாதிப் பேர், போகமாட்டார் என்று பாதிப் பேர். "தவக்காலம்ங்க, அதான். போன வருஷமும் ஈஸ்டர் வரைக்கும் டீயே தொடல அவரு" என்றாள் பாக்கியமேரி, கொஞ்சம் சத்தமாகவே. "டீயை விட்டா அரை லிட்டர் குறையும்க்கா. மொத்தக் கார்டையுமா வேணாம்பாங்க? அவரு புள்ளைக்கு மூணு வயசு, அதுவுமா தவம் இருக்குது?" "மூக்கண்ணே, நீங்க பால் ஊத்துறீங்களா, துப்புத் துலக்குறீங்களா?" என்று வஹீதா கேட்க எல்லோரும் சிரித்தார்கள், அவள் பெண்ணும் இதே அணிதான், சிரித்து முடித்த பிறகு வஹீதாவே மெல்லச் சொன்னாள், "எங்க நோன்புலயும் புள்ளைங்களுக்குப் பால் உண்டுதான்..."

பாக்கியமேரி மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டாள், உள்ளே டிபன் பாக்ஸுக்கு அடியில் அந்தக் கடிதம், நான்கு நாளாக அங்கேயேதான், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை, நாளைக் காலை ஏழு மணிக்குப் பொன்மலை மைதானத்தில் தேர்வு, பெயர் போட்டது மகள் ஜோதிக்கு, பிரித்தது அம்மா. ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஜோதி ஓடிவிடுவாள், படிப்பு இரண்டாம் வருடத்தோடு நிற்கும், போன வருடமும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தபோது ஆசீர் சார் வீடு தேடி வந்து, நாற்காலியில்கூட உட்காராமல், "டிகிரியை முடிக்கட்டும்க்கா, நான் இருக்கேன்ல" என்றாரே... நான் இருக்கேன்ல. அந்த ஒரு சொல்லை நம்பித்தானே அன்றைக்கு வேண்டாம் என்றாள். அவர் இருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடலாம், அவர் இல்லையென்றால் ஜோதியை நாளைக்கு விடியும்போதே கிளப்ப வேண்டும், இன்றைக்கு அவரைக் கேட்டே ஆகவேண்டும், ஆனால் எப்படிக் கேட்பது, சார் நீங்க இருக்கீங்களா போறீங்களா என்று முகத்துக்கு நேராகவா? இன்றைக்கு விசில் சத்தமே கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரமாக ஒரு தடவைகூட ஊதவில்லை, அவர் கழுத்தில் விசிலே இல்லை, ஜோதிதான் கைதட்டிக் கைதட்டி மற்றவர்களை ஓடவைத்துக்கொண்டிருந்தாள், அவர் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வழியனுப்ப வந்தவர் பிளாட்பாரத்தில் நிற்பதுபோல... சே, என்ன நினைப்பு இது. காற்று சுத்தமாக நின்றிருந்தது, மலைக்கோட்டைப் பக்கம் வானம் பழுப்பாகக் கிடந்தது, மாசி மாதத்தில் மழையா வரப்போகிறது?

அவரே படியேறி வந்தார். நேராக அவளிடம். "அக்கா, ஜோதிக்கு ரயில்வேலேருந்து லெட்டர் வந்துச்சா?" கேட்டவர் அவளைப் பார்க்கவில்லை, கீழே கோர்ட்டையே பார்த்தார், இவருக்கு எப்படித் தெரியும், யாரிடமும் சொல்லவில்லையே... போன வெள்ளிக்கிழமை வஹீதாவிடமும் இப்படித்தான், பேங்க் அணியிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டாராம், தற்செயல் என்று நினைத்தார்கள். தற்செயல் இல்லை. இவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டு வருகிறார். "வரலைங்க சார்" என்று அவள் வாய் சொன்னது, அவள் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. "வராம இருக்காதே" என்று நெற்றியைச் சுருக்கினார், "சரிக்கா, தாமதமாகுது போல. அது வரட்டும். அது வந்துட்டா அப்புறம் நானும்..." என்று நிறுத்தி, கழுத்தில் இல்லாத விசிலைக் கை தேட, திரும்பிப் படியிறங்கினார்.

அப்படியானால் இது வராதவரைக்கும்... இது வெளியே வராதவரைக்கும் இவர் போகமாட்டாரா? "என்னக்கா சொன்னாரு, இருக்காரா, போறாரா?" என்று மூக்கன் குனிந்து கேட்டார். "இருக்காரு" என்றாள். படி முழுக்க அந்தச் சொல் பரவி யாரோ கைதட்டினார்கள், என்ன விஷயம் என்று தெரியாமலே ஜோதி பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், அம்மாவுக்குக் கையசைத்தாள். பாக்கியமேரியும் கையசைத்தாள், ஒரு கையால் மட்டும், இன்னொரு கை பையை விடவில்லை.